பாவசங்கீர்த்தனத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பெரிய வியாழன் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கலாமா?

அனுப்பானடி தையல்காரி:

எல்லோருக்கும் தோத்திரம். கேள்வி சின்னதுதான். ஆனால் நேற்றிலிருந்து மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதனால் கேட்டுவிடுகிறேன்.

குருத்து ஞாயிறு முடிந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முன்னால், எப்போதும்போல் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எந்தக் கோவில் என்பது வேண்டாம், நகரத்துக்குள்தான். வெளிப் பங்குகளிலிருந்தும் சாமியார்கள் வந்து, ஆளுக்கொரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் நின்ற அம்மா "சீக்கிரம் போங்க, எனக்கு பஸ் இருக்கு" என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். முழங்கால் போட்டு, "என்னை ஆசீர்வதியும் சாமி" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகளைத் திட்டியது, பூசைக்குப் போகாத ஞாயிறுகள், துணி கொடுக்கும் நாளைப் பற்றிச் சொன்ன பொய்கள் எல்லாம் சொன்னேன். (அந்தக் கடைசிப் பாவம் தையல்காரர்கள் எல்லோருக்கும் பொது. நீங்களும் சேர்ந்தே மன்னித்துவிடுங்கள்.) சாமியார் 3 அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் அதையும் முடித்தேன்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். தெப்பக்குளத்தில் வண்டி நின்றதும்தான் ஞாபகம் வந்தது. நாத்தனார் விஷயம்! எந்தப் பாரத்தைச் சொல்வதற்காகவே போனேனோ அதை மட்டும் சொல்லவில்லை. என்ன விஷயம் என்று இங்கே எழுத மாட்டேன், சிறியது இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கைக்காரிகள் அத்தனை பேருடைய மார்பளவும் கையளவும் நோட்டுப் பார்க்காமல் சொல்லும் எனக்கு இது எப்படித் தப்பியது என்றே புரியவில்லை.

எங்கள் அம்மாவிடம் சொன்னால், "பிசாசு வாயைக் கட்டியிருக்கும், அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லணும்" என்கிறார். வீட்டுக்காரரோ, "ஆண்டவருக்குத் தெரியாததையா நீ சொல்லப்போற, பேசாமல் படு" என்கிறார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. செய்த பாவசங்கீர்த்தனம் செல்லுமா, செல்லாதா? வியாழன் இரவுப் பூசையில் நன்மை வாங்கலாமா? மறுபடி ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லீஸ் நகர் தம்பி:

அக்கா, வாங்கலாம். மறந்தது மறந்ததுதான், அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். எங்கள் இளைஞர் இயக்கத்துக்குத் தியானம் கொடுக்க வந்த ஃபாதர் இதையேதான் சொன்னார்.

இன்னொரு யோசனை: முந்தின நாள் இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் முன்பு போனில் நோட்ஸில் எழுதுவேன். ஒருநாள் ஆபீஸ் கேண்டீனில் நண்பன் எதற்கோ என் போனை வாங்கினான், திரையில் அது அப்படியே திறந்து கிடந்தது. அன்றிலிருந்து பேப்பர்தான். பார்த்துப் படித்துவிட்டு, வெளியே வந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். பார்த்துப் படித்தால் சாமியார் திட்டுவாரோ என்று பயம் வேண்டாம், யாரும் திட்டமாட்டார்கள்.

கருமாத்தூர் வாத்தியார்:

அம்மா, தம்பி சொன்னது சரி. ஆனால் "மறந்தது மறந்ததுதான்" என்று ஒரே வரியில் முடித்தால் உங்கள் தாயார் ஒப்பமாட்டார். அவர் வீட்டில் சின்னக் குறிப்பிடம் (கேள்வி-பதிலாக உள்ள மறைக்கல்விப் புத்தகம்) ஒப்பித்து வளர்ந்தவராக இருப்பார், நானும் அப்படித்தான். பல வருஷம் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று படித்திருப்போம்: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது (செய்ததற்கு மனம் வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அவர் கொடுத்த அபராதத்தை, அதாவது பரிகாரத்தைத் தீர்ப்பது. இதில் முதல் காரியம் ஆத்தும சோதனை. இருக்கிற பாவம் ஒன்றுவிடாமல் ஞாபகத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று அது கேட்கவில்லை, அக்கறையாகத் தேடிப் பார் என்றுதான் கேட்கிறது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 988-ஆம் சட்டமும் இதையேதான் வைத்திருக்கிறது. கவனமாக ஆராய்ந்த பிறகு எந்தக் கனமான பாவங்கள் நம் நினைவில் நிற்கின்றனவோ, அவற்றின் வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். நினைவில் இல்லாததைச் சொல்லச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. எண்ணிக்கை என்றதும் கணக்குப் பிள்ளை மாதிரி உட்கார வேண்டாம், "அடிக்கடி", "வாரத்துக்கு ஒரு தடவைபோல" என்றாலே சாமியாருக்குப் புரியும்.

இது இப்போது தளர்த்திக் கொடுத்த சலுகை என்று உங்கள் தாயார் சொல்லக்கூடும். இல்லை. ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிக் கறாராகப் பேசிய அதே அமர்வில் இதையும் எழுதியது: அக்கறையாக யோசித்தும் ஒருவருக்கு ஞாபகம் வராத பாவங்கள், அவர் செய்த அந்தப் பாவசங்கீர்த்தனத்திலேயே பொதுவில் அடங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டும். தாவீது அரசர் தன் கண்ணுக்கே தெரியாத பிழைகளிலிருந்தும் தன்னைக் கழுவச் சொல்லிக் கேட்கும் 19-ஆம் திருப்பாடலைத்தான் அதற்குத் துணைக்குக் காட்டினார்கள். நாமும் கடைசியில் "இவைகளுக்காகவும் நான் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன்" என்று சொல்லி முடிக்கிறோமே, அது சும்மா சடங்குக்குச் சொல்லும் வாக்கியம் இல்லை. நாத்தனார் விஷயம் அதற்குள் போய்விட்டது.

ஆகவே உங்கள் பாவசங்கீர்த்தனம் செல்லும். அந்தப் பாவமும் மன்னிக்கப்பட்டுவிட்டது. வியாழன் நன்மை தாராளமாக வாங்கலாம், அதற்கு முன்னால் ஓடிப்போய் வரிசையில் நிற்கக் கட்டாயம் இல்லை. ஆனால் அது கனமான பாவம் என்றால், இப்போது ஞாபகம் வந்துவிட்டதால், அடுத்த முறை போகும்போது சொல்லியாக வேண்டும். மன்னிப்பு கிடைத்துவிட்டதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. அதைச் சொன்னால் போதும், போன தடவை சொன்ன எல்லாவற்றையும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வேறு எந்தச் சாமியாரிடமும் சொல்லலாம். "போன தடவை மறந்துபோன பாவம் ஒன்று" என்று ஆரம்பியுங்கள், அவருக்கு விளங்கிவிடும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளக் கூடாது. எப்போது மறந்தீர்கள்? முழங்கால் போட்ட நேரத்தில் உண்மையிலேயே மனதை விட்டுப் போய்விட்டதா, அல்லது நாக்கு நுனி வரை வந்ததை "இந்தக் கூட்டத்தில் வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விழுங்கினீர்களா? இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. மறந்தால் பாவசங்கீர்த்தனம் முழுசு. தெரிந்தே ஒரு சாவான (கனமான) பாவத்தை மறைத்தால், சொன்ன பாவங்களுக்கும் மன்னிப்பு இல்லை, மறைத்தது வேறு தனிப் பாவம். புண்ணை வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டால், தனக்குத் தெரியாததை மருந்து ஆற்றாது என்று புனித எரோணிமுஸ் சொன்னதைத் திரெந்து சங்கமும் எடுத்துக்கொண்டது. உங்கள் தாயார் பயப்படுவது இதற்குத்தான். அவர் சொன்ன தீர்ப்பு சரியானதுதான், ஆனால் அது மறைத்தவருக்கு உரியது.

விசுவாசி 77:

ஏன் இவ்வளவு சுற்றல்? மனுஷனிடம் எதற்குச் சொல்லவேண்டும்? முழங்கால் போட்டு நேரே இயேசுவிடம் சொன்னால் அவருக்குக் கேட்காதா? அவருக்கு மறதியும் இல்லை.

கருமாத்தூர் வாத்தியார்:

தம்பி, யோவான் 20:23 உங்கள் வேதத்திலும் இருக்கிறது. "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ" என்று ஆண்டவர் சீடர்களைப் பார்த்துத்தானே சொன்னார்? இதைப் பேச வேண்டுமானால் தனி இழை போடுங்கள், வருகிறேன். இங்கே அந்த அம்மா வியாழக்கிழமைக்குள் பதில் தெரிய வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

வத்தலக்குண்டு நர்ஸ்:

இதைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 81. ஞாபக மறதி வியாதி. காலையில் சாப்பிட்டது தெரியாது, என்னைச் சில நாள் தன் அக்கா என்று நினைத்துக்கொள்வார். முதல் வெள்ளிக்கு முதல் வெள்ளி பங்குச்சாமி வீடுகளுக்கு நன்மை கொண்டுவருவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் முதலில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். நாங்கள் எல்லோரும் வெளியே போய்விடுவோம்.

ஆனால் அம்மாவுக்குக் காது மந்தம், பேச்சு தெருவுக்கே கேட்கும். அடுப்படியில் நின்றாலும் என் காதில் விழும். ஒவ்வொரு மாதமும் ஒரே பாவம்தான். பாவாடை கட்டித் திரிந்த வயதில் செய்தது. அதற்கப்புறம் கல்யாணம், எங்கள் ஐந்து பேர், அப்பாவின் குடி, சொத்துத் தகராறு என்று எத்தனையோ நடந்தது, அதெல்லாம் அழிந்துபோய் அந்த ஒன்று மட்டும் நிற்கிறது. சாமியும் அதை முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டு, தலையில் கைவைத்து மன்னிப்புக் கொடுத்துவிட்டுப் போவார். "சாமி, ஏற்கெனவே சொன்னதுதான்" என்று நான் ஒருநாள் வாசலில் வைத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார், "அதை நீங்க பேசக்கூடாதும்மா" என்று.

என் கேள்வி: மற்றது எல்லாம் மறந்தவருக்கு இந்த மன்னிப்பு போதுமா? உத்தம மனஸ்தாப மந்திரத்தைக்கூட பாதியில் விட்டுவிடுகிறார். "என் சர்வேசுரா சுவாமி" என்று கணீரென்று தொடங்குவார், அப்புறம் ஜன்னலைப் பார்ப்பார்.

கருமாத்தூர் வாத்தியார்:

போதும் அம்மா. நினைவில் இருப்பதைத்தானே சொல்லச் சொல்கிறது? அவருக்கு நினைவில் இருப்பது ஒன்று, அதைச் சொல்லிவிடுகிறார். வாயால் சொல்லவே முடியாத நிலை வந்தாலும், மனஸ்தாபத்துக்கு ஏதாவது ஓர் அடையாளம் இருந்தால் சாமியார் மன்னிப்புக் கொடுப்பார். நெஞ்சில் தட்டுவதோ, சிலுவையை முத்துவதோ போதும். நோயில்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் அருட்சாதனம்) கேட்டு வையுங்கள். கடைசி மூச்சுக்குத்தான் அது என்று நம் ஊரில் இன்னும் நினைக்கிறார்கள், அது தவறு. தளர்ந்த முதியவர்களுக்கும் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாமல் போன நோயாளிக்குப் பாவ மன்னிப்பும் அதில் கிடைக்கும். யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்.

உங்கள் சாமி கையைக் காட்டி நிறுத்தினாரே, அதற்கும் சட்டம் இருக்கிறது, 983. பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளிவிடக் கூடாது, நேராக மீறினால், வேறொரு சட்டப்படி, அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார். 983-இன் இரண்டாவது பகுதி மொழிபெயர்ப்பவரையும், எந்த வகையிலாவது காதில் கேட்டுவிட்டவர்களையும் ரகசியம் காக்கச் சொல்கிறது. அடுப்படியில் நின்ற நீங்களும் அதில் அடக்கம். என்ன பாவம் என்று இங்கே எழுதாமல் விட்டீர்களே, அது சரி. இனி முதல் வெள்ளி அன்று அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்விடுங்கள்.

வத்தலக்குண்டு நர்ஸ்:

சரி ஐயா. என் தம்பியிடமும் சொல்லி வைக்கிறேன். அவன் போன மாதம் அதை வைத்து அம்மாவைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தான்.

அனுப்பானடி தையல்காரி:

வாத்தியாரையா, கோபமெல்லாம் இல்லை. நேர்மையாகவே பதில் சொல்கிறேன். வரிசையில் நிற்கும்போது நினைவில் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்றுகூட மனதுக்குள் கூட்டிவைத்திருந்தேன். முழங்கால் போட்டதும் பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்து, அதற்குச் சாமியார் ஏதோ கேட்கப்போக, பேச்சு பையனின் படிப்புப் பக்கம் போய்விட்டது. "வேறு ஏதாவது?" என்று அவர் கேட்டபோது மனது வெள்ளைத் துணியாக இருந்தது. விழுங்கவில்லை. வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விழுங்கவில்லை.

நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 1551 என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். "அந்தக் காலத்துச் சாமியாருங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இப்போது வேறு தொல்லை. இதை யோசிக்கப் போய், பழையதெல்லாம் கிளம்பி வருகிறது. பள்ளிக்கூடத்து நாட்களில் செய்தது, கல்யாணத்துக்கு முன்னால் பேசியது. இதைச் சொன்னேனா, சொல்லவில்லையா, சொன்னால் முழுசாகச் சொன்னேனா என்று இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டுக்காரர் லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்துகிறார். எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரே மூச்சாகக் கொட்டிவிடலாமா?

எல்லீஸ் நகர் தம்பி:

அக்கா, எழுதி வைக்கச் சொன்னவன் நான்தான், ஆனால் இதற்குச் சொல்லவில்லை!

கருமாத்தூர் வாத்தியார்:

வேண்டாம் அம்மா, அந்தப் பேப்பரை எடுக்காதீர்கள். அந்த வழியில் போன ஒருவரை நமக்கெல்லாம் தெரியும், லொயோலா இஞ்ஞாசியார். மதுரைக்கு 1606-இல் நொபிலி சாமி வந்தாரே, அந்தச் சேசு சபையை நிறுவியவர். 1522-இல் மொன்செராத் மடத்தில் தன் வாழ்நாள் பாவங்களை எழுதிவைத்து 3 நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பக்கத்தில் மன்ரேசா ஊரில் தங்கி, "அதைச் சொன்னேனா, இதைச் சொன்னேனா" என்று திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் மன்னிப்பு வாங்கி வருவார், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று முளைக்கும். "மிகத் தெளிவாக இருந்தால் தவிரப் பழையது எதையும் சொல்லாதே" என்று அவருடைய ஆன்ம குரு கட்டளை போட்டார். அதுவும் உதவவில்லை, ஏனென்றால் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போய், கடைசியில் பழையதை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை வந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்பவர்களுக்கே வழிகாட்டியான அல்போன்ஸ் லிகோரியாரும் இதே சஞ்சலத்தில் நெடுநாள் அவதிப்பட்டவர். ஆகவே இது பக்தி மிகுந்ததன் அடையாளம் என்று நினைத்து வளர்க்காதீர்கள், வீண் சஞ்சலம், அவ்வளவுதான்.

சொன்னேனா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். கனமான பாவம், ஒருநாளும் சொல்லவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அதோடு மூடிவிடுங்கள். இரவு ஒரு மணிக்கு எந்த முடிவும் வேண்டாம். ஒரே சாமியாரிடம் தொடர்ந்து போங்கள், இந்தச் சஞ்சலத்தையும் அவரிடமே சொல்லி, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று. நாத்தனார் விஷயம் என்றீர்கள். என்ன என்று கேட்கவில்லை. பொருள், நகை, பத்திரம் சம்பந்தப்பட்டது என்றால் மன்னிப்பு வாங்கியதோடு முடியாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேர் கெடும்படி பேசியது என்றாலும் அப்படியே, கெட்ட பேரை முடிந்தவரை சரிசெய்ய வேண்டும். சொல்ல மறந்ததைப் பற்றி இவ்வளவு கலங்குகிறவர் இதையும் விடக்கூடாது.

அனுப்பானடி தையல்காரி:

நகை இல்லை ஐயா, வாய்தான். எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் குழு) நாலு வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த நாலு வீட்டுக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பவளும் நான்தான், பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன்னால் எல்லோரும் துணி வாங்க வருவார்கள். வரும்போது, நான் அன்றைக்குச் சொன்னது உண்மை இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நாத்தனாரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டுமா? அவளுக்கு இப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

கருமாத்தூர் வாத்தியார்:

தெரியாது என்றால் அவசரப்பட்டுப் போய்ச் சொல்லாதீர்கள், அதனால் இல்லாத புண் ஒன்று உண்டாகலாம். அந்த நாலு வீட்டிலும் முதலில் சரிசெய்யுங்கள். நாத்தனாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே கேளுங்கள். மறக்காமல் இருக்க, அதை மட்டும் தம்பி சொன்ன பேப்பரில் எழுதிக்கொள்ளலாம்.